வைரவரடிச் சிரட்டைகள்

பிள்ளைகள், பெரியப்பா எங்கள் வைரவர் பொங்கலுக்கு வராமல் விட்டதற்குக் காணிச் சண்டைதான் காரணம் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் சகோதரங்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாவிட்டால் ஆட்கள் முதலில் எல்லை வேலியைத்தான் பார்ப்பார்கள். அது பிழை. எனக்கும் அண்ணைக்கும் ஒரு முழ நிலத்துக்குக்கூட வழக்கில்லை. எங்களுக்கு இடையில் கிடப்பது ஒரு தேங்காய்ச் சிரட்டைத் துண்டு. நான் பெரிதாகப் படித்தவன் இல்லை. எழுதுவது முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

என் இடக்கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். புல்லு வெட்டும்போது அடிபட்டது என்று சொல்லி உங்கள் அம்மா நிறுத்திவிடுவார். மெசினைப் பிடித்திருந்தது பெரியப்பா என்பதை அவர் சொல்வதில்லை.

பெரியப்பா கல்யாணம் முடித்து அளவெட்டிக்குப் போனவர். வெளிநாட்டில் இருப்பவர்களின் வீட்டு வளவுகளைத் துப்புரவாக்குவதுதான் அவருடைய தொழில். தோளில் மாட்டுகிற புல்லு மெசின் ஒன்று வைத்திருந்தார். அதன் நுனியில் தடித்த நைலோன் தங்கூசி நூல் சுழன்று புல்லை அறுக்கும். சுழலும் தலைக்குப் பின்னால் ஒரு காப்புத் தகடு இருக்கும். கல்லோ கட்டையோ தெறித்தால் பின்னால் நிற்பவர் மேல் படாமல் தடுப்பது அந்தத் தகடுதான்.

அந்த வேலையில் அவரைப் போலக் கவனமான ஆளை நான் கண்டதில்லை. முதலில் வளவு முழுக்க நடந்து கல், போத்தல், கம்பி எல்லாம் பொறுக்குவார். சப்பாத்தும் நீளக் காற்சட்டையும் காப்புக் கண்ணாடியும் இல்லாமல் மெசினைத் தொடமாட்டார். மெசின் தலையில் புல் சிக்கினால் இஞ்சினை நிப்பாட்டிய பிறகுதான் கை வைப்பார். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தபோது, அந்த வீட்டுக்காரர் தேத்தண்ணியோடு கிட்ட வந்துவிட்டார். பெரியப்பா தூரத்திலேயே கண்டு கத்தினார்.

"ஐயா, அங்கையே நில்லுங்கோ! தேத்தண்ணி ஆறினாலும் குடிப்பன். கண் போனால் ஆர் தாறது?"



என் கண் போன வருடம், வைரவர் பொங்கலுக்கு மழைப்புல் இடுப்பளவுக்கு நின்றது. நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள். பெரியப்பா மோட்டார் சைக்கிளில் மெசினைக் கட்டிக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டார். முன்வளவு, கிணற்றடி எல்லாவற்றையும் வழமைபோலப் பொறுக்கி, சப்பாத்தோடும் கண்ணாடியோடும் வெட்டினார். கடைசியாகப் பூவரசின் கீழ் இருக்கும் எங்கள் வைரவரடிக்கு வந்தார். கோயில் என்று சொல்ல அங்கே என்ன இருக்கிறது? ஒரு கல்லும் சூலமும், சுற்றிவர எல்லைக்கு வைத்த கற்களும்தான். ஆனால் அங்கே வந்ததும் மெசினை நிப்பாட்டினார். சப்பாத்தைக் கழற்றினார். சேட்டைக் கழற்றிப் பூவரசங் கொப்பில் போட்டார். கண்ணாடியையும் அதன் மேலேயே கொழுவினார்.

"அண்ணை, நெருஞ்சி முள்ளுக் கிடக்கும்," என்றேன்.

"வைரவரடியிலை சப்பாத்தோடை ஏறச் சொல்லுறியோ? ஐயா இருந்திருந்தால் மெசினைப் பறிச்சு உன்ரை காலைத்தான் முதல் வெட்டியிருப்பார்." ஐயா என்றது உங்கள் அப்பப்பாவை.

கிணற்றடியில் பொங்கல் பானை கழுவிக்கொண்டிருந்த அம்மா விடவில்லை.

"சப்பாத்து வேண்டாம், சரி. கண்ணாடியை ஏன் அத்தான் கழட்டுறியள்? கண்ணாடி போட்ட ஆக்களைக் கண்டால் வைரவருக்குக் கோவமோ?"

"சூலத்துக்கு முன்னாலை கறுப்புக் கண்ணாடியோடை நிண்டால், படத்திலை நடிக்க வந்தவன் எண்டு அவரே சிரிப்பார்."

எல்லோரும் சிரித்தோம். நானும் சேட்டைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு புல்லு வாரியை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் போனேன். கத்தியால் வெட்டிய காலத்தில் இருந்து அந்த இடத்தில் அதுதான் எங்கள் முறை. அண்ணை வெட்ட, நான் வாருவேன். வேறொரு வளவாக இருந்தால் அவர் என்னைத் துரத்தியிருப்பார். சாமிக்கு முன்னால் தம்பியைத் தள்ளி நில் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. தள்ளி நிற்க எனக்கும் தோன்றவில்லை.

சூலத்தின் அடிக்கல்லில் தகடு இடித்தது. கிட்டப் போய் வெட்டினால்தானே வடிவு என்று அதையும் கழற்றி வைத்தார்.

ஒன்று மிச்சம் இருந்தது. அந்த இடத்தில் யாரும் எதையும் பொறுக்கவில்லை. வைரவருக்கு உடைக்கிற தேங்காயில் உள்ளிருக்கும் வெள்ளைச் சொட்டை எடுத்துத் தின்போம். சிரட்டை தெறித்த இடத்திலேயே கிடக்கும். சாமிக்கு உடைத்ததைக் குப்பை போலக் கூட்டி அள்ளுவது எங்கள் வீட்டில் வழக்கம் இல்லை. ஐயா உடைத்த சிரட்டைகூட அந்தப் புல்லுக்குள் கிடந்திருக்கும்.

டக் என்று ஒரு சத்தம். வலி பிறகுதான் வந்தது. கண்ணைப் பொத்திய கையை எடுத்துப் பார்த்தேன், கை முழுக்க இரத்தம். அண்ணை மெசினோடு திரும்பி என்னைப் பார்த்ததை வலக்கண்ணால் கண்டேன். இஞ்சினை நிப்பாட்ட அவருக்குக் கை வரவில்லை. அம்மாதான் ஓடிவந்து நிப்பாட்டினார்.

சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் இருந்து என்னை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அண்ணை கூடவே வந்தார். வெறுங்கால், வெறும் மேல். யாரோ ஒருவர் துவாய் ஒன்றைத் தோளில் போட்டுவிட்டார். அவருடைய சேட்டு பூவரசங் கொப்பிலேயே தொங்கியது. பார்வை திரும்பாது என்று டாக்குத்தர் சொன்னபோது நான் அழவில்லை, அவர்தான் அழுதார். "என்ரை கையாலையடா," என்றார். அதற்குப் பிறகு எங்கள் வளவுக்குள் அவர் காலே வைக்கவில்லை. மெசினையும் யாருக்கோ கொடுத்துவிட்டார்.

இடைக்கிடை அவராகப் போன் எடுப்பார்.

"கண் என்ன மாதிரி?"

"அப்பிடியே கிடக்கு. பொங்கலுக்கு வாங்கோவன் அண்ணை."

"பாப்பம்."

எங்கள் பேச்சு இவ்வளவுதான். ஒரு கண்ணோடு வாழப் பழகிவிட்டேன். அண்ணை இல்லாமல் பொங்கப் பழகவில்லை.

நாளைக்கு நீங்களும் இந்த மெசினைத் தூக்குவீர்கள். இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிறது. பெரியப்பாவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததை ஒரேயொரு இடத்தில் மட்டும் கழற்றி வைத்தார், அதுவும் மரியாதைக்காக. அந்த ஒரு இடம் எல்லோருக்கும் இருக்கும். சொந்த வீட்டு முற்றம் என்பீர்கள், கொஞ்சப் புல்லுத்தானே என்பீர்கள். அங்கேயும் பொறுக்கிவிட்டு வெட்டுங்கள். தகட்டைக் கழற்றாதீர்கள். கிட்ட வருவது யாராக இருந்தாலும், நானாக இருந்தாலும், கத்தித் துரத்துங்கள். நான் கோபிக்கமாட்டேன்.

போன கிழமை பெரியப்பா போன் எடுத்தபோது வழமையான கேள்விக்குப் பிறகும் வைக்கவில்லை.

"தம்பி, வைரவரடி புல்லு வளந்து பத்திப்போய்க் கிடக்கோ?"

"ஓம் அண்ணை."

"சிரட்டையள்?"

"அப்பிடியேதான்."

அதோடு போனை வைத்துவிட்டார்.

அடுத்த நாள் அம்மா சந்தைக்கும் நீங்கள் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, சப்பாத்தைப் போட்டேன். கண்ணாடியையும் போட்டேன். உரப்பை இரண்டு மூன்றோடு வைரவரடிக்குப் போய், எல்லைக் கல்லுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு சப்பாத்தோடேயே உள்ளே கால் வைத்தேன். குந்தியிருந்து, புல்லை விலக்கி விலக்கிச் சிரட்டைகளைப் பொறுக்கினேன். இடப்பக்கம் எனக்குத் தெரியாதபடியால் அந்தப் பக்கத்தைக் கையால் தடவித் தடவிப் பார்த்தேன். பை நிறைந்ததும் வாயைக் கட்டிப் பூவரசின் அடியில் சாய்த்து வைத்துவிட்டு, அடுத்த பையை விரித்தேன்.