ஒரே தேத்தண்ணிக்கு இரண்டு தீர்ப்பு

என் கணவர் கிராம நீதிமன்றத்தில் நீதவான். சல்லி என்ற கரையோர ஊரில் பிறந்து சட்டம் படித்தவர். தன் ஊருக்குச் சார்பாக நடந்தார் என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதென்று பாதி ஆயுளைக் கழித்த மனிதர். துறைமுகம் நிறையப் போர்க்கப்பல் நின்ற அந்தக் காலத்தில் கூட்டுறவுச் சங்கக் கடையில் பங்கீட்டு அரிசிக்கு நீண்ட வரிசை நிற்கும். விடியவே போய் முன்னுக்கு நிற்கிற என்னை, வேலைக்குப் போகிற வழியில் கண்டாரானால் சைக்கிளை நிறுத்திவிடுவார்.

"நீதவான்ர பெண்சாதி முந்திப் போட்டா எண்டு சனம் கதைக்கும். பின்னுக்குப் போய் நில்லும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் போவேன். அந்த மனிதரில் எனக்கு அவ்வளவு பட்சம்.

உலகச் சண்டை முடிந்ததும் கிராமச் சங்கத் தேர்தல்கள் வரும், கூடவே வழக்குகளும் வரும் என்று, முன்கூட்டியே நீதவான்களுக்குப் பயிற்சி கொடுக்க ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வந்தார். ஓர்ஸ் ஹில் மேட்டில் இருந்த அரசாங்கக் கந்தோரைக் கடற்படை எடுத்துக்கொண்டதால் வகுப்பு எங்கள் வீட்டு விறாந்தையில் நடந்தது. தேறாதவர்களுக்குத் தேர்தல் வழக்குக் கிடையாது. மாடு வேலி பாய்ந்த வழக்கோடு கிடக்க வேண்டியதுதான். அந்தப் பயத்தில் இவர் ஒழுங்காகச் சாப்பிடவும் இல்லை.

நீதிபதி முதலில் ஒரு கற்பனை வழக்குக் கொடுத்தார். சல்லியில் வென்றவர் வாக்குப் போட வந்த எல்லாருக்கும், எதிராளியின் ஆட்களுக்கும்கூட, தேத்தண்ணி கொடுத்தார். தேர்தல் செல்லுமா? கரைக்கு வந்தவனை வெறும் வாயோடு அனுப்புவது சல்லியில் பெரிய மரியாதைக் கேடு. அது இவருக்குத் தெரியாததா? இருந்தும், "வாக்குக்குக் கொடுத்த விலை, செல்லாது" என்று எழுதினார்.

சில நாள் கழித்து இன்னொரு வழக்கு. இந்த முறை வென்றவர் பட்டணத்துக் கடைக்காரர். அவரும் வந்த எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்திருந்தார். "வெயிலில் வந்தவர்களுக்குச் செய்த உபசாரம், செல்லும்" என்று எழுதினார் இவர்.

நீதிபதி இரண்டையும் உரக்க வாசித்தார். மற்ற நீதவான்கள் சிரித்தார்கள். குசினிக் கதவடியில் தட்டத்தோடு வந்த நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

"தேத்தண்ணி ஒண்டுதானே. ஏன் தீர்ப்பு ரெண்டு?" என்று கேட்டார் நீதிபதி.

இவர் எழுந்து நின்றார். "சல்லி எண்டதும் பயந்திட்டன் ஐயா. ஊருக்காக விட்டுக்குடுத்தன் எண்டு கதை வந்திடும்."

"கதை வருமெண்டு உங்கட சனத்துக்கு அநியாயம் செய்யேலுமோ? அதுவும் பக்கச்சார்புதான். நாளைக்கு மாத்தி எழுதி வையுங்கோ."

மறுநாள் காலை நான் வரிசையின் முன்னுக்கு நின்றேன். இவருடைய சைக்கிளைக் கண்டதும், பழக்கதோஷத்தில் பையைத் தூக்கிக்கொண்டு விலகினேன்.

"எங்க போறீர்?"

"பின்னுக்கு."

"எப்ப வந்தனீர்?"

"விடியவே வந்தனான்."

சனமெல்லாம் எங்களைப் பார்த்தது. இவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் குரலைத் தாழ்த்தவில்லை.

"அப்ப அது உம்மட இடம். அங்கயே நில்லும்."

அவர் தேறிவிட்டார் என்பது, நீதிபதி சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.