மாஸ்டருக்கு இடுப்பு வலி, மனைவிக்குக் கேப்சூல்

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருப்பவருக்கு 'நாளைக்கு மாஸ்டர்' என்று பெயர். துணி எப்போது கிடைக்கும் என்று யார் கேட்டாலும் அவர் சொல்வது அந்த ஒரே பதில்தான். முப்பது வருடம் மெஷின் மேல் குனிந்ததில் இடுப்பு போய்விட்டது. டாக்டர் இரண்டு மருந்து எழுதினார். சாப்பிட்ட பிறகு வலி மாத்திரை. அது வயிற்றின் உட்சுவரை அரித்துவிடாமலிருக்க, காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கேப்சூல்.

மாஸ்டர் எதையும் வீணாக்காதவர். வெட்டிய துணியில் மிச்சம் விழுந்தால் கைக்குட்டை தைத்துவிடுவார். "எனக்கு இடுப்புலதானே வலி? வயிறு கல்லு மாதிரி இருக்கு" என்று கேப்சூலை மனைவியிடம் கொடுத்துவிட்டார். அவளுக்கு வெகுநாளாக நெஞ்செரிச்சல். இரண்டே மாதத்தில் அது அடங்கியது. டாக்டர் கைராசிக்காரர் என்று தெரு முழுக்கச் சொல்லிவந்தாள். மாஸ்டரோ, வேலை குவிந்த நாட்களில் வலி மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாக வெறும் டீயோடு விழுங்கினார்.

நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் நாற்பது வருடம் இருந்தவள் நான். தைக்கக் கொடுத்த தலையணை உறையை வாங்க ஒரு நாள் காலையில் கடைக்குப் போனபோது, மாஸ்டர் ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"தலை சுத்துதா?"

"லேசா, அக்கா. பித்தம்."

"வெளிக்குப் போறது கறுப்பா இருக்கா, தார் மாதிரி?"

பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். "நாலு நாளா. இரும்புச்சத்து டானிக் குடிச்சா அப்படித்தான் போகுமாம்."

"அந்த டானிக்கை நான்ல குடிக்கிறேன்" என்றாள் மனைவி.

"மாத்திரை வயித்தைப் புண்ணாக்கிடுச்சு, மாஸ்டர். உள்ள ரத்தம் கசியுது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

"இருபது ஸ்கூல் சட்டை பாக்கி இருக்கு. நாளைக்கு..."

"நாளைக்குன்னா நாலு பேர் தூக்கணும். இன்னிக்குன்னா நீங்களே வண்டியில ஏறலாம்."

ஏறினார். வயிற்றில் இரண்டு புண். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ஐந்து நாள் படுக்கை. அந்த ஐந்து நாளும் இருபது பிள்ளைகள் பழைய சட்டையில் பள்ளிக்கூடம் போனார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: "வலி மாத்திரையை இனிமே தொடக் கூடாது. கேப்சூலை ஒரு நாள்கூட விடக் கூடாது."

மாஸ்டர் தலையாட்டினார். மனைவிக்குத்தான் சந்தேகம்.

"அதை இவர் போட்டுக்கிட்டா, எனக்கு?"

டாக்டர் அவளையும் மாஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவள் பெயரைக் கேட்டு, தனியாக ஒரு சீட்டு எழுதினார்.