நாலாம் இடம் நாவற்குடாவுக்கு

சுபாகரன் கொரியாவில் ஐந்து வருடம் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் உழைத்துவிட்டு நாவற்குடாவுக்குத் திரும்பியபோது, பெரிய டீவியோடும் நகையோடும் இன்னொரு பையையும் தூக்கிக்கொண்டு வந்தான். அதற்குள் இருபத்திரண்டு பழைய தோல் கையுறைகள் இருந்தன. பேஸ்போல் கையுறைகள். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு போக்கிடம் இல்லாமல் மைதானத்துக்குப் போய்ப் போய் அந்த விளையாட்டு அவனுக்கு இரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது.

இங்கே மட்டையால் பந்தடித்து ஓடும் எல்லே விளையாடிப் பழகிய கைகள் தாராளமாகக் கிடந்தன. வருடங்கள் போக, வாவியைச் சுற்றி நாலு அணிகள் எழும்பின. கரடியனாறு, கிரான், ஏறாவூர், நாவற்குடா. நாலையும் சேர்த்து ‘வாவிப் பிரிவு’ என்று பெயர் வைத்தார்கள். பெரும்போக நெல் வெட்டு முடிந்து வயல்காரப் பொடியன்களின் கை ஓய்ந்ததும் போட்டிகள் தொடங்கும்.

சுபாகரனுக்குத் தொழில், வீடுகளில் பழுதாகும் பிரிட்ஜ் திருத்துவது. மோட்டார் சைக்கிளில் ஊரூராகத் திரிகிறவன். போகிற ஊரில் வேலை முடிந்ததும் மைதானத்தின் ஓரத்தில் போய் நிற்பான். யார் எப்படி எறிகிறார்கள், யார் எப்படி அடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நிற்பான். முதல் போட்டிக்கு இரண்டு கிழமைக்கு முன் நாலு அணிகளைப் பற்றியும் முகநூலில் ஒரு முன்னோட்டம் எழுதுவான். கொரியாவில் பத்திரிகைகள் அப்படித்தான் செய்யும். அங்கே யாரும் முகம் பார்த்து எழுதுவதில்லை என்று அவன் அடிக்கடி சொல்வான். அதை வாசிக்கவென்றே கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் ஆட்கள் காத்திருந்தார்கள்.

அந்த வருடமும் எழுதினான். கரடியனாற்றின் அண்ணன் தம்பி மூவர் பந்தைக் காட்டுக்குள் அடிக்கிறார்கள், அடித்த பின் ஓட மறந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று எழுதினான். கிரானில் பிடி விடாத கைகள் உண்டு, எறியத்தான் ஆளில்லை என்றான். ஏறாவூரின் அம்ஜத்தின் இடக்கைப் பந்து இந்த மாவட்டத்திலேயே வேகமானது, ஆனால் ஐந்தில் ஒன்று எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது என்றான். கடைசியாகத் தன் சொந்த ஊர்.

“நாலாம் இடம் நாவற்குடாவுக்கு. அணித்தலைவர் துசாந்தன் போன வருடம் காதடியில் பந்தால் அடிபட்டார். அதற்குப் பிறகு பயந்து விளையாடுகிறார். பந்து எறிபவரின் கையை விட்டு வெளிவர முன்பே அவருடைய இடது கால் விலகி ஓடுகிறது. அந்தக் கால் நிலத்தில் நிற்காதவரை இந்த அணிக்கு விமோசனம் இல்லை.”

துசாந்தன் அவனுடைய மனைவி தர்சினியின் தம்பி. சுபாகரன் குடியிருந்தது தர்சினியின் சீதன வீட்டில். வேலிக்கு அந்தப் பக்கம், அதே வளவில், மாமியார் வசந்தாதேவியும் துசாந்தனும் இருந்தார்கள். எழுதி முடித்ததைப் படுக்கையில் தர்சினிக்கு வாசித்துக் காட்டியபோது அவள் எழும்பி உட்கார்ந்தாள்.

“இஞ்சேருங்க, தம்பிர பேர எடுங்க. அணி சரியில்ல எண்டு மட்டும் போடுங்களன்.”

“பொய்யா எழுதியிருக்கன்?”

“பொய்யெண்டு ஆர் சொன்ன? அத ஊருக்குச் சொல்லத்தான் வேணுமா?”

“மத்த மூணு ஊரையும் கிழிச்சிப்போட்டு நம்மட ஆள மட்டும் மூடி வைக்கச் சொல்றியா?”

அவன் அந்தப் பந்தியை மாற்றவில்லை.

மூன்றாம் நாள் யாரோ ஒரு வீடியோவை ஏற்றினார்கள். துசாந்தனின் இடது கால் விலகுவதை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்ப, ஒரு குத்துப் பாட்டுக்கு அந்தக் கால் ஆடுவது போல் ஒட்டியிருந்தார்கள். பகல் சாப்பாட்டுக்குள் அது வாவியின் இரு கரையும் ஓடிவிட்டது. துசாந்தன் வலை இழுக்கப் போன இடத்தில் தோணிக்காரர்கள் ஒற்றைக் காலைத் தூக்கிக் காட்டினார்கள். சந்தியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் காட்டினார்கள்.

பின்னேரம் சுபாகரன் கிணற்றடியில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான். வேலிப் படலை உதைபட்டுத் திறந்தது. நிமிர்ந்து பார்க்கும்போது துசாந்தன் கையில் மட்டையோடு நின்றான்.

“ஏன் எழுதின நீ?”

எப்போதும் ‘அத்தான், நீங்க’ என்று கதைக்கிறவன். அந்த ‘நீ’யைக் கேட்டதும் சுபாகரன் துணியைப் போட்டுவிட்டு எழும்பினான். “மட்டையக் கீழ வெச்சிட்டுக் கதை” என்றான்.

முதல் அடி தலைக்குத்தான் வந்தது. சுபாகரன் இடது கையைக் குறுக்கே கொடுத்தான். உள்ளே எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. இரண்டாவது அடி விலாவில். ஈரச் சீமெந்தில் சறுக்கி விழுந்தவன், கைக்கு அகப்பட்ட வாளியை எடுத்து வீசினான். அதன் விளிம்பு துசாந்தனின் புருவத்தைக் கிழித்தது. கண்ணுக்குள் இரத்தம் வழிய வழிய அவன் முழங்கால் போட்டு சுபாகரனின் நெஞ்சில் ஏறினான். சுபாகரன் நல்ல கையால் அவனுடைய தொண்டையைப் பிடித்தான். விடவில்லை. துசாந்தனின் முகம் கறுத்து வருவதைக் கண்டான். கண்டும் விடவில்லை. அந்த ஒரு கணத்தில் துசாந்தன் சாக வேண்டும் என்றே சுபாகரன் நினைத்தான். பிறகு அந்த நினைப்புத்தான் அவனை அதிகம் அரித்தது.

தர்சினி ஓடி வந்து தம்பியின் தலைமயிரைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள். மட்டையைப் பறித்துக் கிணற்றுக்குள் எறிந்தாள். பிறகு இருவரையும் பார்த்து, “செத்துத் துலைங்கடா, ரெண்டு பேரும்!” என்று கத்திக்கொண்டு அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆசுபத்திரியில் சுபாகரன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததாகச் சொன்னான். முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அடுத்த நாள் வசந்தாதேவி வந்து வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை.

“மருமகன், அவன் செய்தது பெரிய பிழ. நான் கையெடுத்துக் கும்பிடுறன். அந்த எழுத்த அழிச்சிருங்க. புள்ள சோறு தின்னல்ல.”

“அடிச்சதுக்காக அழிச்சனெண்டா, மாமி, அடிச்சதுதான் சரியெண்டு ஆகும். நான் அழிக்க மாட்டன்.”

அவள் திரும்பிப் போனாள். சுபாகரனுக்கு அன்றைக்குத் தன் மேல் பெருமையாகக்கூட இருந்தது.

முதல் போட்டியே நாவற்குடாவுக்கும் ஏறாவூருக்கும். வெயில் தணியாத பின்னேரம், அறுவடை முடிந்த திடலில் கயிறு கட்டி அதற்கு வெளியே முந்நூறு நானூறு சனம். சுபாகரன் வழக்கம் போல் புள்ளி எழுதும் மேசையில் மைக்கோடு இருந்தான். மாவுக்கட்டைக் கழுத்தில் துணியால் தொங்கவிட்டிருந்தான். விழுந்த கதையை யாரும் நம்பவில்லை என்று அவர்கள் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

துசாந்தன் அடிக்க வந்தபோது கயிற்றடியிலிருந்து யாரோ “கால்!” என்று கத்தினார்கள். உடனே நாலு பக்கமும் பிடித்துக்கொண்டது. “கால்! கால்! கால்!” அவனுடைய சொந்த ஊர்ப் பொடியன்களும் சேர்ந்து கத்தினார்கள். துசாந்தன் யாரையும் பார்க்கவில்லை. குனிந்து, இடது குதியால் மண்ணைத் தோண்டினான். நாலு விரல் ஆழம் வரும்வரை தோண்டி, காலை அதற்குள் வைத்து, மண்ணைத் தள்ளி மூடி மிதித்தான்.

இந்தத் தடவை அவன் விலகப் போவதில்லை என்று சுபாகரனுக்கு விளங்கிவிட்டது. முன்னால் அம்ஜத் நின்றான், ஐந்தில் ஒன்று எங்கே போகும் என்று தெரியாத அம்ஜத். முதல் பந்து வெளியே போனது. இரண்டாவது துசாந்தனின் நெஞ்சை உரசிக்கொண்டு போனது. அவன் அசையவில்லை. அம்ஜத் கையைத் துடைத்துவிட்டு மூன்றாவதற்கு ஆயத்தமானான்.

சுபாகரன் மைக்கைப் பிடித்தான். “துசாந்தன்! கால எடு! கால எடுறா!”

திடல் முழுக்கச் சிரித்தது. அத்தானும் கேலிபண்ணுகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். துசாந்தனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். தலையைத் திருப்பி மேசையை ஒரு தரம் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் முன்னுக்குச் சாய்ந்தான்.

பந்து இடது கண்ணில் பட்டது. பச்சைத் தேங்காயைக் கல்லில் அடித்தது போன்ற சத்தம் மேசை வரைக்கும் கேட்டது. ஹெல்மெட் ஒரு பக்கம் பறந்தது. அவன் விழுந்த விதத்தில் இடது கால் மட்டும் குழிக்குள்ளேயே நின்று முறுகியது. முகத்தின் அந்தப் பக்கம் இரத்தம் குபுகுபுவென்று வந்தது, கண் இருந்த இடம் தெரியவில்லை.

அம்ஜத் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, “அல்லாவே, வேணுமெண்டு எறியல்ல, வேணுமெண்டு எறியல்ல” என்று சொல்லிக்கொண்டு நின்றான். ஓடுவதற்குக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. நாவற்குடாப் பொடியன்கள் ஆறு பேர் மட்டைகளோடு அவன் மேல் பாய்ந்தார்கள். முதுகில் ஒன்று, தொடையில் ஒன்று, விழுந்த பிறகு விலாவில் இரண்டு. கயிறு அறுந்து சனம் உள்ளே வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஏறாவூர் அணி மட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. யாரோ கல் எறியத் தொடங்கினார்கள். விளையாட்டு விளையாட்டாக இல்லாமல் இரண்டு ஊராகிக்கொண்டு வருவதை சுபாகரன் கண்டான். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் முன்பு மோதிக்கொண்ட அந்தப் பகுதியில், அது எங்கே போய் முடியும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அவன் மைக்கைப் போட்டுவிட்டு ஓடினான். அம்ஜத்துக்கு மேலே குறுக்காக நின்று, இறங்கிய மட்டையை மாவுக்கட்டால் தாங்கினான். கட்டு வெடித்துப் பிளந்தது. கண் இருண்டது. இருந்தும் விலகவில்லை.

“என்ன அடிங்கடா! அவன் நிண்டது என்னால! நான் எழுதினதால நிண்டான்! என்ன அடிங்க!”

ஒருவன் அடிக்கவும் செய்தான், தோளில். மற்றவன் ஓங்கிய மட்டையோடு தயங்கினான். அடிபட்டவனின் அக்கா புருசனை அடிப்பதா என்று அவனுக்குக் குழப்பம். அந்தத் தயக்கத்துக்குள் ஏறாவூர் அணியின் பயிற்சியாளர் முகைதீன்பாவா, அறுபது வயதுக்காரர், தன் அணிக்கு முன்னால் கையை விரித்து மறித்துக்கொண்டு கத்தினார்.

“மட்டையப் போடுங்கடா ஹறாம் புடிச்சவனுகளே! அந்தப் புள்ள ரெத்தத்த விழுங்கிச் சாகப் போறான்! இஞ்ச எங்கட வேன விட்டா வேற வாகனம் இரிக்கா? தூக்குங்க!”

அதுதான் அவர்களை நிறுத்தியது. நாவற்குடாக்காரர் நாலு பேரும் ஏறாவூர்க்காரர் இரண்டு பேரும் சேர்ந்து துசாந்தனைத் தூக்கினார்கள். அதே வேனின் பின் இருக்கையில் அம்ஜத்தையும் கிடத்தினார்கள். சுபாகரன் நடுவில் இருந்து, மச்சானின் தலையைப் பக்கவாட்டில் சரித்துப் பிடித்துக்கொண்டான், இரத்தம் வெளியே போகட்டும் என்று. வழி நெடுக துசாந்தனின் விரல்கள் அவனுடைய சட்டையைப் பிடித்திருந்தன. யாருடைய சட்டை என்று தெரிந்துதான் பிடித்தானா என்று சொல்ல முடியாது.

கண் போய்விட்டது. அம்ஜத்துக்கு மூன்று விலா எலும்பில் வெடிப்பு. பொலிஸ் வந்து எல்லாரிடமும் எழுதி எடுத்தது. இரண்டு ஊர்ப் பெரியவர்களும் பள்ளிவாசலடியில் ஒரு தடவையும் கோயிலடியில் ஒரு தடவையும் கூடி, இதோடு நிற்கட்டும் என்று கையெழுத்து வைத்தார்கள். போட்டிகளை மறு அறிவித்தல் வரை நிறுத்தினார்கள்.

தர்சினி சமைத்தாள், உடுப்புத் தோய்த்தாள், புருசனோடு கதைக்கவில்லை. “அழிக்கச் சொன்ன நேரம் அழிச்சிருந்தா...” என்று ஒரு தடவை தொடங்கினாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

எட்டாம் நாள் பின்னேரம் அவன் ஆசுபத்திரிக்குத் தனியே போனான். துசாந்தன் சுவர்ப் பக்கமாகச் சாய்ந்து இருந்தான். பாதி முகம் பஞ்சால் மூடியிருந்தது. வசந்தாதேவி எழும்பி வெளியே போய்விட்டாள். சுபாகரன் அவள் விட்டுப்போன கதிரையில் உட்கார்ந்தான்.

“நான் கால எடுத்தனா?” என்றான் துசாந்தன். அடித்தொண்டையிலிருந்து வந்தது குரல்.

“இல்ல.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தன். நீ எடுக்கல்ல.”

“அப்ப நீ எழுதினது பிழை.”

சுபாகரன் அவனுடைய மிச்சக் கண்ணைப் பார்த்தான். அது இமைக்காமல் நின்றது. “ஓம்” என்றான். “பிழைதான்.”

“எழுது மறுகா, பிழையெண்டு. இப்பவே.”

சுபாகரன் போனை மடியில் வைத்து, வலது பெருவிரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினான். முடித்துவிட்டு வாசித்தான். “நாவற்குடா அணித்தலைவர் துசாந்தன் பயந்து விளையாடுகிறார் என்று நான் எழுதியது பிழை. கடைசிப் பந்து வரை அவர் கால் விலகவில்லை. நான் எழுதியதால்தான் அவர் விலகாமல் நின்றார். அவருடைய கண் போனதற்கு நானே பொறுப்பு.”

துசாந்தன் கையை நீட்டினான். “கடைசி ரெண்டையும் எடு.”

“அது உண்மைடா.”

“நீ எழுதினதுக்காக நான் நிண்டன் எண்டு ஊர் நினைக்கும். நான் நிண்டது நிண்டதுதான். எடு.”

சுபாகரனுக்கு அந்த இரண்டு வசனங்களும் வேண்டியிருந்தன. அவற்றை எழுதிய பிறகுதான் எட்டு நாளில் முதல் தடவையாக அவனுக்கு மூச்சு இறங்கியது. ஆனால் கேட்டவன் கண்ணைக் கொடுத்தவன். விரலை வைத்து, எழுத்து எழுத்தாக அழித்தான். மிச்சத்தைப் பதிவிட்டான். பதிவு போய்ச் சேர்ந்ததும் போன் கிடந்து துடிக்கத் தொடங்கியது. அவன் அதைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தான்.

“அம்ஜத் எந்த வாட்டில?” என்று கேட்டான் துசாந்தன்.

“கீழ. நேத்து வீட்டுக்கு விட்டுட்டாங்க.”

“அவன் வேணுமெண்டு எறியல்ல.”

“இல்ல.”

“அவனுக்குச் சொல்லு.” சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அழுதானா என்று சுபாகரனுக்குத் தெரியவில்லை. தோள் மட்டும் அசைந்தது.

ஆனி மாதம் ஏறாவூருக்கு ஒரு பிரிட்ஜ் வேலைக்குப் போனபோது சுபாகரன் அம்ஜத்தின் வீட்டைத் தேடிப் போய் அந்தச் செய்தியைச் சொன்னான். அம்ஜத் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டான். கேட்டு முடித்து, “இனி நான் எறியமாட்டன் அண்ண, கை நடுங்குது” என்றான். சுபாகரன் அதைப் பற்றி எங்கும் எழுதவில்லை.