கோயில் பொங்கலும் பவுலின் கடிதமும்

ரப்பர் பால் காய்ந்த துணியின் புளிப்பு வாடை... அதற்கு மேலே வெல்லம் உருகும் வாசனை.

எழுபதுகளின் கடைசியில், ஈப்போவுக்குப் பக்கத்தில் சிம்பாங் பூலாய்க்கு உள்ளே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா வந்துவிட்டதை எனக்கு முதலில் சொல்வது இந்த இரண்டும் கலந்த வாசனைதான். மேளம் அப்புறம்தான் கேட்கும்.

தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லயத்தில் நாங்கள் மட்டும்தான் கிறிஸ்தவக் குடும்பம். ஒரு பலகைச் சுவர் தள்ளி அஞ்சலை பெரியம்மா வீடு. சொந்தப் பெரியம்மா இல்லை. அம்மாவும் அவரும் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டினார்கள். அம்மாவுக்கு உடம்பு முடியாத நாளில் அம்மாவின் பால் வாளியையும் சேர்த்துத் தூக்கியவர் அவர். தம்பி பிறந்தபோது எங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டதும் அவர்தான்.

திருவிழா அன்று மத்தியானம் எனாமல் மங்கு நிறையப் பொங்கலோடு வருவார். வாசலில் நின்று வருடா வருடம் சொல்வது ஒன்றேதான்.

"சாமிக்குப் படைச்சது, பிள்ளைங்களுக்குக் குடு."

அம்மா வாங்குவார். நாங்கள் சாப்பிடுவோம். அதில் ஒரு கேள்வி இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

நான் இடைநிலைப் பள்ளியில் ஃபார்ம் ஒன் சேர்ந்த வருடம் ஈப்போவிலிருந்து சாமுவேல் அண்ணன் வர ஆரம்பித்தார். ஞாயிறு மத்தியானம் மோட்டார் சைக்கிளில் வந்து, லயத்துக் கடைசியில் காலியாகக் கிடந்த வீட்டில் சண்டே ஸ்கூல் நடத்துவார். சுற்றுவட்டாரத் தோட்டப் பிள்ளைகளும் வருவார்கள். நல்ல மனுஷன். குரல்தான் கொஞ்சம் பெரிசு.

திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு அவர் சொன்னார்: "விக்கிரகத்துக்குப் படைச்சத நாம சாப்பிடக்கூடாது. யாரும் கொண்டாந்து குடுத்தா மரியாதையா வேணாம்னு சொல்லிடுங்கலா."

அஞ்சலை பெரியம்மாவிடம் மரியாதையாக வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

சாமான் சுற்றி வந்த காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிற பிள்ளை நான். அன்று சாயங்காலம் பைபிளைத் திறந்து, பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தை ஆரம்பத்திலிருந்து படித்தேன். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அதுல என்னதான் போட்டிருக்கு? சத்தமா படி, எனக்குக் கை வேலையா இருக்கு."

படித்ததை என் வார்த்தையில் சொன்னேன். விக்கிரகம் என்பது ஒன்றுமேயில்லை என்கிறார். விசுவாசியாக இல்லாத ஒருவர் விருந்துக்குக் கூப்பிட்டால், முன்னால் வைப்பதை விசாரிக்காமல் சாப்பிடு என்கிறார். ஆனால் ஒருவர் வாய்விட்டு 'இது படைத்தது' என்று சொல்லிவிட்டால், அவருடைய மனசாட்சிக்காகச் சாப்பிடாதே என்கிறார்.

அம்மாவின் கத்தி நின்றது. "அப்ப நாம கேக்காம இருந்தா போதுமா?"

"நாம கேக்காம இருக்கலாம்மா. பெரியம்மாவே சொல்லிட்டா?"

குளித்துவிட்டு வந்த அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "அவங்க வாயத் தொறக்கறதுக்குள்ள மங்க வாங்கிடு. பவுலும் தப்பிச்சாரு, நீயும் தப்பிச்ச."

அம்மா சிரிக்கவில்லை. "வேணாம்னு சொல்லிட்டு மறுநாள் ரப்பர் காட்டுல அவங்க மொகத்த எப்படிப் பாப்பேன்? வாங்கி ஒளிச்சு வச்சா ஆண்டவருக்கு என்ன பதில் சொல்லுவேன்?"



திருவிழா அன்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மஞ்சள் சேலையில், கையில் மங்கோடு, பெரியம்மா வந்தார். அம்மா அதற்கு முன்பே வாசலில் நின்று இரண்டு கையையும் நீட்டிவிட்டார். பெரியம்மா மங்கைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இரு. சொல்லிட்டுத் தாரேன்."

சொல்லாதீங்க பெரியம்மா... சொல்லாதீங்க... என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"இது படைச்சது இல்ல. கோயில் பொங்கல் அங்க வேற பானையில இருக்கு. இது ஒங்களுக்குனு எங்க வீட்டு அடுப்புல தனியா வச்சேன். பயப்படாம சாப்பிடுங்க."

அம்மா நீட்டிய கையை இறக்கினார். "யாரு அக்கா ஒங்ககிட்ட சொன்னா?"

"அந்த ஈப்போ தம்பி கத்துனது பைப்படி வரைக்கும் கேட்டுச்சிலா. பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன். ஒங்க ஆண்டவருக்கே கேட்டிருக்கும்."

"அதுக்காக ரெண்டு வேலையாக்கா?"

"நீ வாசல்ல நின்னு முழிக்கறதப் பாக்க முடியாதுலா. இனிப்பு சரியானு தெரியல. நான் விரதம், வாயில வச்சுப் பாக்கல."

வெல்லம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது. அம்மா ஜெபம் பண்ணிவிட்டுப் பரிமாறினார். அப்பாகூட அன்று கேலி பேசாமல் சாப்பிட்டார்.

பிறகு அந்தக் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அடுத்தவர் மனசாட்சி நோகாமல் நடந்துகொள் என்று பவுல் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் எழுதியிருந்தார். அதைச் செய்தவர் அஞ்சலை பெரியம்மா.

அடுத்த ஞாயிறு சாமுவேல் அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். மோட்டார் சைக்கிளை உதைக்கப் போனவர் காலைக் கீழே வைத்துவிட்டு, பைப்படிப் பக்கம் பார்த்தார். அப்புறம், "அடுத்த வருஷம் எனக்கும் ஒரு மங்கு எடுத்து வைக்கச் சொல்லு" என்றார்.

தோட்டம் இப்போது இல்லை. வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. பெரியம்மா ஹுத்தான் மெலிந்தாங்கில் மகன் வீட்டோடு போய், அங்கேயே காலமானார். நான் ஜெலாப்பாங் பக்கம் ஒரு தாமானில், அதே மாதிரி வீடமைப்புப் பகுதியில், இருக்கிறேன்.

போன மாதம் எங்கள் சபையின் பைபிள் ஸ்டடியில் பவுல் கடிதத்தின் அதே பகுதி வந்தது. பிரிண்ட் எடுத்த நோட்ஸ், புரொஜெக்டர், நல்ல விவாதம். எல்லோரும் நன்றாகவே பேசினார்கள். நானும் பேசினேன்.

வீட்டுக்கு வந்து கேட்டைப் பூட்டும்போது பக்கத்து வீட்டு கேட்டும் மூடிக்கொண்டிருந்தது. வாசல் மேலே மாவிலைத் தோரணம்... என்ன விசேஷமோ. அவர்கள் கார் நம்பர் எனக்கு மனப்பாடம். பெயர் தெரியாது.

சாப்பிடலாமா, கூடாதா என்றால் இப்போது தெளிவாகப் பதில் சொல்வேன்...

கொண்டு வந்து கொடுக்கத்தான் யாரும் இல்லை.