கடலுக்குக் கேட்ட மணி

எங்கள் முல்லைத்தீவுக் கத்தோலிக்கக் கோயிலின் வரலாற்றைக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். முதலில் வெறும் ஓலைக் கொட்டிலாம். பிறகு கடலுக்குப் போனவர்கள் வெள்ளிக்கிழமைப் பிடிபாட்டு மீனைக் கொடுத்துக் கொடுத்துச் சுவர் எழுப்பினார்களாம். யாருடைய பூட்டன் அதிகம் கொடுத்தான் என்ற சண்டை மட்டும் இன்னும் தீரவில்லை. மணியைப் பற்றி ஒருவரும் சண்டை பிடித்ததில்லை. அதன் சத்தம் கடலில் நிற்கும் வள்ளங்களுக்கும் கேட்கும். துக்க மணி கேட்டால் வலை இழுப்பதை நிறுத்தி, செத்தவருக்காக ஒரு செபம் சொல்லிவிட்டுத்தான் மறுபடி வலையில் கை வைப்பார்கள்.

உப்புக் காற்றில் மணிக்கயிறு இற்றுப்போகும். திருவிழாவுக்குத் திருவிழா ஒரு வீட்டார் முறை வைத்துப் புதுக்கயிறு கட்டுவார்கள். கடைசியாகக் கட்டியவர் என் அப்பா. தொண்ணூறாம் ஆண்டுத் தொடக்கத்தில் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. வள்ளமும் வரவில்லை.

தேடிக் களைத்த பிறகு, கோயில் காரியம் பார்க்கும் மூப்பர் வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, துக்க மணி அடிப்பம். ஆத்துமத்துக்கு நல்லது."

"அவர் கட்டின கயித்தைப் பிடிச்சு அவருக்கே அடிக்கப் போறியளோ? ஆளைக் காட்டுங்கோ, பிறகு அடியுங்கோ" என்றார் அம்மா.

மூப்பர் எழுந்து போனார். எனக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது. மற்ற வீடுகளில் அழுது தீர்த்தார்கள். எங்கள் வீட்டில் அழுதால் அப்பாவைச் சாகடித்த மாதிரி. அவர் இடுப்பில் உடுத்தும் சாரத்தை அம்மா தோய்த்துத் தோய்த்து மடித்து வைத்தார்.

அந்த ஆண்டே சண்டை தொடங்கி, பட்டினத்தை விட்டு ஓடினோம். கனகராயன்குளத்தில் தறப்பாள் கூரைக்குக் கீழே வருடங்கள் போயின. கடல் கண்ணில் படாத இடம். ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "ஊருக்குப் போனவுடனை அவருக்கு மணி அடிக்கச் சொல்லோணும்."

இத்தனை நாளும் அதற்காகத்தான் காத்திருந்தேன். கேட்டதும் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஊருக்குத் திரும்ப முடிந்தபோது கோயில் இல்லை. கோபுரம் விழுந்து கிடந்தது. மணி எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. இடிந்த சுவருக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டில் போட்டுப் பூசை நடந்தது. எத்தனை வெள்ளிக்கிழமைப் பிடிபாடு, எல்லாம் மறுபடி ஓலையில் வந்து நின்றது. பூவரசில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. அதுதான் மணி.

மூப்பர் நன்றாகத் தளர்ந்திருந்தார். "இதிலை அடிக்கட்டோ, தங்கச்சி?"

"கடலுக்குக் கேக்குமோ, அண்ணை?"

அவர் அடிக்கிற கம்பியைக் கையில் எடுத்தார். "அடிச்சுப் பாப்பம்" என்றார்.

அம்மா கடற்கரைக்கு நடந்தார். நானும் கூடப் போனேன். அலை காலை நனைக்கும் இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தோம். தூரத்தில் மூப்பரின் கை உயர்வதும் தாழ்வதும் தெரிந்தது. அலைச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

"கேக்குதோ, பிள்ளை?"

"ஓம் அம்மா, கேக்குது" என்றேன்.

"எனக்குக் கேக்கேல்லை" என்றார். பிறகு கடலைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, அப்பாவின் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழத் தொடங்கினார்.