மருந்து கொடுக்கும் கைக்கு வந்த பயம்

காலை எட்டேகாலுக்கு நான் வேலைக்குக் கிளம்ப வேண்டும். ஏழு மணிக்கே பயம் வந்துவிடும். சட்டையைப் போடுவேன், கழற்றுவேன். பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநர். இருபத்திரண்டு வருடங்களில் ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை. போன வைகாசியில்தான் இந்தப் பயம் பிடித்தது.

ஒரு புதன்கிழமை, கூட்டம் அதிகம். சர்க்கரை மாத்திரை வாங்க வந்த அம்மாவிடம் ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்துவிட்டேன். அவரே அட்டையின் நிறத்தைப் பார்த்துத் திரும்பி வந்தார்.

"என்னங்க சார், இன்னும் டீ குடிக்கலீங்களா? மாத்திக் குடுத்துட்டீங்க" என்று சிரித்தார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான்தான் அன்றிலிருந்து சரியில்லை. ஒரே அட்டையைப் பத்து முறை பார்ப்பேன். வரிசை நீளும். நெஞ்சு படபடக்கும். ஆனியில் பதினொரு நாள் லீவு. விடுப்புக் கடிதத்தில் "தலைவலி" என்று எழுதினேன். அது பொய். பத்தடி தூரத்தில் டாக்டர் உட்கார்ந்திருந்தும் சொல்லவில்லை. மருந்து கொடுக்கிறவனே மருந்து கேட்பதா என்ற வெட்கம்.

ராஜினாமாக் கடிதம் எழுதினேன். கொடுக்கவும் பயம். "தாயே, என் கையை எனக்குத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் என்னை விட்டுவிடு" என்று அழுதேன். ஆடி இரண்டாம் வெள்ளி எங்கள் ஊர் மாரியம்மனிடம் பூ கேட்பதென்று முடிவு செய்தேன். பூசாரி எடுக்கும் பொட்டலத்தில் வெள்ளைப் பூ வந்தால் வேலையை விடுவது, சிவப்பு வந்தால் தொடர்வது. இரண்டு பொட்டலங்களையும் என் மனைவி சாந்தி கட்டினாள்.

பூசாரி ஒன்றை எடுத்தார். சிவப்பு. எனக்கு வியர்த்துவிட்டது. எதையும் சரிபார்த்தே பழகியவன், மற்றதையும் பிரித்தேன். அதிலும் சிவப்பு.

"சாந்தி, என்ன இது?"

"நாந்தாங்க வெச்சேன்."

"ஆத்தாகிட்டயே ஏமாத்து வேலையா?"

"அவகிட்ட சொல்லிட்டுத்தாங்க வெச்சேன். அந்தக் கடுதாசிய நீங்களா எழுதுனீங்க? பயம் எழுதுச்சு. மொதல்ல ஒடம்பக் காட்டுங்க. அப்புறம் மறுபடி பூ கேக்கலாம். அன்னைக்குப் பொட்டலத்த நீங்களே கட்டுங்க."

பூசாரி விபூதியை நீட்டிச் சிரித்தார். "ரெண்டுலயும் ஒரே பேச்சா பேசிட்டா சார் ஆத்தா. கெளம்புங்க."

திங்கட்கிழமை தருமபுரியில் மனநல மருத்துவரைப் பார்த்தோம். இது பதற்ற நோய், சோம்பேறித்தனம் அல்ல, வேலையைக் கண்டே இப்படிப் பயப்படுகிறவர்கள் பலர் என்றார். மாத்திரை கொடுத்தார், வாராவாரம் பேசினார். தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும், கொஞ்சம் கொஞ்சமாக அருகில் போங்கள் என்றார். லீவில் இருந்தபடியே முதல் வாரம் நிலையத்தின் வாசல் வரை. சாந்தி வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தாள். அடுத்த வாரம் உள்ளே ஒரு மணி நேரம். எங்கள் டாக்டரிடமும் சொன்னேன். "அட, முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்றார், அவ்வளவுதான். ஓர் அட்டையை இரண்டு முறை மட்டும் பார்ப்பது என்று பழகினேன். ஐப்பசியில் முழு நாள் வேலை பார்த்தேன்.

இன்றும் சில காலைகளில் நெஞ்சு அடிக்கும். அடிக்கட்டும் என்று வண்டியை எடுக்கிறேன். மறுபடி பூ கேட்கவில்லை. அம்மன் பதில் சொல்லிவிட்டாள், என் வீட்டுக்காரியின் கையால்.

உங்களில் யாருக்காவது வேலை நேரம் நெருங்கும்போது இப்படிப் பயம் வந்தால், அம்மனிடம் அழுங்கள். அழுதுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். அவள் அங்கேதான் காத்திருக்கிறாள்.