ஷூஜா ஓடவில்லை

மூன்று வருடம். கிழக்குக் காங்கோவின் எரிமலைச் சரிவில், ஷூஜாவின் கொரில்லாக் கூட்டத்தை மனிதருக்குப் பழக்க வனக்காவலர் கசெரெகாவுக்குப் பிடித்த காலம் அது. தினமும் போய் உட்கார வேண்டும். கண்ணுக்குக் கண் பார்க்கக் கூடாது. தொண்டைக்குள் 'ம்ம்ஹ்ம்' என்று உறும வேண்டும். வந்திருப்பது வேண்டியவர்கள் என்று அதற்குப் பொருள். கூட்டத்தின் தலைவனான, முதுகு நரைத்த ஆண் கொரில்லா ஷூஜா ஆரம்பத்தில் அடிக்கவே வந்தது. பிறகு அவர் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியது.

சண்டை மூண்டதும் காவலர்கள் வெளியேற்றப்பட்டார்கள். மழைக்காலம் முழுக்கக் கசெரெகா அகதி முகாமில் கிடந்தார். போர்நிறுத்தம் என்று வானொலி சொன்ன மறுநாளே சக காவலர் கவீராவுடன் மலையேறிவிட்டார். ஆயுதம் எடுத்துப்போக அனுமதி இல்லை.

மூங்கில் காட்டில் கூட்டம் குறைவின்றி இருந்தது. கசெரெகா உறுமினார். ஷூஜாவும் உறுமியது.

"ஏண்ணே, வீட்டுல அக்காகிட்ட ஒருநாளாவது இவ்வளவு கனிவா பேசியிருக்கீங்களா?" என்றாள் கவீரா.

"அவ திருப்பி உறும மாட்டா. கரண்டியைத்தான் வீசுவா."

சருகு மிதிபடும் சத்தம். இருவரும் புதருக்குள் பதுங்கினார்கள். துப்பாக்கியோடு நான்கு பேர் வந்தார்கள்.

ஓடு, ஓடு என்று கசெரெகாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஷூஜா ஓடவில்லை. மூங்கில் தண்டை மென்றபடி அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. ஒருவன் அதன் பிடரிக்கு நேரே குழலை நீட்டினான்.

"பார்றா, கட்டிப்போட்ட மாடு மாதிரி உக்காந்திருக்கு!"

"இப்ப சுட்டா குட்டியை யாருடா சுமக்கிறது? காலையில கூடையோட வருவோம். பெருசைப் போட்டுட்டு சின்னதைத் தூக்கிக்கலாம். இது எங்கயும் போகாது."

சிரித்துக்கொண்டே போனார்கள்.

கசெரெகா கவீரா பக்கம் திரும்பினார். "ஆளைப் பாத்தா ஓடாதேன்னு பழக்கினது நான்தானே, கவீரா..."

அவர்கள் குரல் தேய்ந்து மறையும்வரை காத்திருந்தார். பிறகு குனிந்து ஒரு கல்லை எடுத்தார்.

"அண்ணே! என்ன பண்றீங்க?"

கல் ஷூஜாவின் மார்பில் பட்டது. அது நிமிர்ந்தது. கசெரெகா அதன் கண்ணுக்குள் நேராகப் பார்த்துக் கத்தினார். இன்னொரு கல்லையும் வீசினார். மூங்கில்கள் முறிந்தன. ஷூஜாவின் ஒரே அடியில் அவர் சரிவில் உருண்டார். ஷூஜா அலறியபடி குட்டிகளை மேல்முகட்டுக்கு விரட்டிச் சென்றது.

"உசிரோட இருக்கீங்களா?"

"போயிடுச்சா?"

"போயிடுச்சு. கை ஏண்ணே தொங்குது?"

தோள் எலும்பு முறிந்திருந்தது. கூடுவதற்கு மூன்று மாதம் ஆனது. அதன்பின் ஷூஜாவின் கூட்டம் எந்தக் காவலரையும் நெருங்கவிடவில்லை. கசெரெகாவை வேறு மலைக்கு மாற்றிவிட்டார்கள்.